ஓதத்துக்குப் பட்டி பார்க்கிறவர்கள்

தாம்பரத்தில் ‘பேஸ்மென்ட்’ என்று சொன்னால் எந்தக் கொத்தனாரும் நிலத்தடி அறையை நினைக்க மாட்டார். அவருக்கு அது பேஸ்மட்டம். கடகாலுக்கு மேலே, வீட்டுத் தரைக்குக் கீழே, கிராவல் கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கிய இரண்டு மூன்று அடி உயரம். ஆங்கிலப் படங்களில் மரப்படி இறங்கிப் போனால் வருமே, வாஷிங் மெஷினும் பழைய சைக்கிளும் கிடக்கும் நிலவறை, அது இங்கே சாதாரண வீடுகளில் கிடையாது. ஆனால் அந்த நிலவறைக்கே உரிய வாடை மட்டும் நம் வீடுகளில் இருக்கிறது. ஐப்பசியில் சேலையூரிலோ முடிச்சூரிலோ சிட்லபாக்கத்திலோ கீழ்வீட்டு அலமாரியைத் திறந்தவர்களுக்குத் தெரியும். கல்யாணப் பட்டு, பிள்ளையின் மார்க் ஷீட் ஃபைல், போன வருஷத்துக் கொலு பொம்மைகளைச் சுற்றிய செய்தித்தாள், எல்லாவற்றிலும் ஒரே வாடை. நனைந்த சாக்கைச் சுருட்டி மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருகிற மக்கின வாடை.

இதற்கு ஊரில் தயாராக ஒரு பதில் இருக்கிறது. ‘கடலோர ஊரு, ஈரக்காத்து. கீழ்வீடுன்னா அப்படித்தான் இருக்கும். நல்ல டேம்ப் ப்ரூஃப் பெயின்டா ஒண்ணு அடிங்க, ஜன்னலைத் திறந்து வையுங்க, சரியாயிடும்.’ பெயின்டர் சொல்கிறார், ஹார்டுவேர் கடைக்காரர் சொல்கிறார், மாடி வீட்டு மாமி சொல்கிறார், வாடகைக்கு விடுகிற ஓனர் சத்தியமே செய்கிறார். இத்தனை பேர் ஒரே குரலில் சொல்வதால் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. நான் கேட்கிறேன். இந்தப் பதிலில் காரணம் தப்பு, மருந்து அதைவிடத் தப்பு, ஜன்னல் விஷயம் பாதி தப்பு. நம் கீழ்வீடுகள் நாற்றமெடுப்பதற்குக் காரணம், யாரும் பள்ளம் தோண்டாமலே அவை மெல்ல மெல்ல நிலவறைகளாக மாறிவிட்டதுதான். நிலவறைக்குச் செய்ய வேண்டிய வைத்தியத்தை விட்டுவிட்டுச் சுவருக்கு முகப்பூச்சு பூசிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு, செலவும் உண்டு. முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் அப்பா கட்டிய வீடு. கூடத்தின் தெருப்பக்கச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. பட்டி உப்பிக்கொண்டு நிற்கும், விரலால் தட்டினால் வெள்ளை மாவாக உதிரும். முதல்முறை சுரண்டி, பட்டி பார்த்து, ஈரத்தைத் தடுக்கும் என்று டப்பாவில் எழுதியிருந்த பெயின்டை இரண்டு கோட் அடித்தோம். ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை என்றார் பெயின்டர். ஐந்தாவது மாதம் பெயின்ட் அப்பளம் போலக் கிளம்பியது, அதுவும் முழங்காலில் இல்லை, இடுப்புயரத்தில். இரண்டாவது முறை இன்னும் விலை கூடிய டப்பா. மூன்றாவது முறை, வேறொருவர் யோசனைப்படி, சுவரில் நாலடிக்கு டைல்ஸ் ஒட்டினோம். ஒன்றரை வருஷம் கழித்து டைல்ஸின் மேல்விளிம்புக்கு மேலே, ஸ்விட்ச் போர்டை ஒட்டி, உப்பு பூத்தது. கீழே பளபளவென்று டைல்ஸ், மேலே சொறி. வாடை மட்டும் ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை.

முதலில் காற்றின் மேல் போடும் பழியைப் பார்ப்போம். காற்றைக் குறை சொல்கிறவர்கள் தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கலாம். சானடோரியம். 1928-ல் டாக்டர் சவுரிமுத்து இங்கே காசநோயாளிகளுக்கு மருத்துவமனை தொடங்கினார். இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் அதேபோன்ற மருத்துவமனை நடத்தியவர் அவர். முதல் உலகப் போர் நடந்தபோது கணித மேதை ராமானுஜன் சிகிச்சைக்குச் சேர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. திறந்தவெளிக் காற்றே மருந்து என்று நம்பிய காலத்து வைத்தியர். மருந்தே காற்று என்றிருந்தவர், இருமுகிறவர்களைப் படுக்க வைக்கத் தேர்ந்தெடுத்த ஊர் இது. அந்தக் காற்றா இன்று நம் சுவரைக் கெடுக்கிறது?

சென்னையின் காற்றில் ஈரம் அதிகம், மறுக்கவில்லை. அதுதான் முழுக் காரணம் என்றால் மாடி வீட்டுச் சுவரும் அல்லவா பூக்க வேண்டும்? அதே காற்று, அதே செங்கல், அதே பெயின்டர். மேலே சுவர் கண்ணாடியாக இருக்கிறது.

இதைவிடப் பெரிய சாட்சி 2019. அந்தக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன, தெருவெல்லாம் தண்ணீர் லாரிக்குக் குடங்கள் வரிசை கட்டின, எங்கள் போர்வெல் காற்றை இறைத்தது. ஊரே அழுதுகொண்டிருந்த அந்த ஜூன் மாதத்தில்தான் எங்கள் கூடத்துச் சுவர் முதன்முதலாகக் காய்ந்தது. கைவைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. வாடை இல்லை. கடற்காற்று அந்த வருஷம் விடுமுறையில் போகவில்லை, வழக்கம்போல சாயங்காலம் வந்து வீசிவிட்டுத்தான் போனது. இல்லாமல் போனது மண்ணுக்கடியில் இருந்த தண்ணீர் மட்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழையில் போர் ஊறியது, கூடவே சுவரும் ஊறியது. இதற்கு மேல் எனக்கு நிபுணர் அறிக்கை வேண்டியிருக்கவில்லை.

வாடை என்பது என்ன என்பதையும் பார்த்துவிடலாம், ரூம் ஃப்ரெஷ்னர் விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஈரமான தூசியிலும் மரத்தூள் பலகையிலும் பூசணமும் நுண்ணுயிர்களும் குடியேறி, தின்று, ஆவியாகும் பொருள்களை வெளியே விடுகின்றன. அவற்றில் ஒன்று காளான் வாடைக்கே காரணமான ஆக்டெனால் என்ற ஆல்கஹால். இன்னொன்று ஜியோஸ்மின். 1965-ல் இதற்குப் பெயர் வைத்தார்கள், பொருள் ‘மண் மணம்’. வேடிக்கை என்னவென்றால், முதல் மழையில் புழுதி கிளம்பும்போது நாம் மூச்சை இழுத்து ரசிக்கிறோமே, அதிலும் இதே ஜியோஸ்மின்தான் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் சுட்ட மண்ணை வடித்து இந்த மணத்தையே அத்தராக விற்கிறார்கள். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தால்கூட மனித மூக்கு பிடித்துவிடும். வாசலில் மணம், அலமாரியில் நாற்றம். சாம்பிராணியும் அந்துருண்டையும் இதன்மேல் இன்னொரு வாடையைப் போர்த்தும், அவ்வளவுதான். ஈரம் இருக்கிறவரை உற்பத்தி நிற்காது. இது வெறும் மூக்குப் பிரச்சினையும் இல்லை. ஈரமும் பூசணமும் இருக்கும் வீடுகளில் இழுப்பும் மூச்சுத் தொல்லையும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் தனி வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது.

பெயின்ட் ஏன் தோற்கிறது? குத்துவிளக்குத் திரியைப் பாருங்கள். எண்ணெய் கீழே, சுடர் மேலே. திரியின் நூலிடுக்குகள் எண்ணெயைத் தாமாக ஏற்றுகின்றன. செங்கல்லும் அப்படியொரு திரிதான். அதன் நுண்துளைகள் மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சி மேலே தள்ளும், சுவரின் முகம் வழியாக அது ஆவியாகும். ஏறுகிற தண்ணீரும் ஆவியாகிற தண்ணீரும் சமமாகிற உயரத்தில் ஓதம் நிற்கும். அந்த முகத்தை பிளாஸ்டிக் போன்ற பெயின்டால் அடைத்துவிட்டால் தண்ணீர் திரும்பிக் கீழே போவதில்லை. வெளியேற வாசல் தேடி இன்னும் மேலே ஏறுகிறது. என் வீட்டு ஓதம் முழங்காலிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து ஸ்விட்ச் போர்டுக்கும் ஏறியது வேறு எதனால்? நான் காசு கொடுத்து ஏற்றியிருக்கிறேன். தண்ணீர் கூடவே கரைத்துக்கொண்டு வரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி விரியும்போது பெயின்டைப் பிய்த்துத் தள்ளுகிறது. அந்த உப்பில் சில வகை காற்றிலிருக்கும் ஈரத்தையும் தானே இழுக்கும். ஏறுகிற ஓதத்தில் காற்றைக் குறை சொல்கிறவர்களுக்கு நான் விட்டுக்கொடுக்கக்கூடியது இந்த ஒரு துண்டுதான். அதுவும் முதலில் தண்ணீர் வந்து உப்பைக் கொட்டிவிட்டுப் போனதால் வந்த வினை.

நம் பாட்டன்கள் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தார்கள். சுண்ணாம்பு காரம் மிகுந்தது, பூசணம் அதன்மேல் பிடிக்காது. அதைவிட முக்கியம், சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட விடும். ஈரம் வரும், போகும். நாம் அதை ஏழைகளின் வேலை என்று ஒதுக்கிவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை சில நூறு ரூபாயில் முடிந்த காரியத்தை, ஐந்து வருஷ உத்தரவாதம் என்ற பெயரில் பல ஆயிரங்களுக்கு விற்கிறவர்களிடம் ஒப்படைத்தோம்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி நியாயமாக வரும். ‘கடகாலுக்கு மேல் டி.பி.சி. என்ற ஈரத்தடுப்புப் பட்டை போடுவார்களே, பிளிந்த் பீம் போடுவார்களே, பிறகு எப்படி ஈரம் ஏறும்?’ நல்ல கேள்வி. இங்கிலாந்தில்கூட, கீழிருந்து ஏறும் ஓதம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி கட்டுக்கதை என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது, வெளியே மண்மட்டம் உயர்ந்து ஈரத்தடுப்புப் பட்டையைத் தாண்டிப் போயிருக்கும், ஈரம் பட்டைக்கு மேலே பக்கவாட்டில் நுழைகிறது என்பது. அவர்கள் தாம்பரத்தைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அந்த வாதத்துக்கு இதைவிட நல்ல படம் கிடைத்திருக்காது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டுத் தளம் சுற்றியுள்ள நிலத்தைவிடக் குறைந்தது 45 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்வது. ஒரு தார்ச் சாலைக்கு மேல் இன்னொரு தார்ப் பூச்சு போட்டால் மூன்றிலிருந்து ஐந்து செ.மீ. ஏறும். தேர்தலுக்கு ஒன்று, மழைக்குப் பிறகு ஒன்று, பைப் பதித்த பள்ளத்தை மூடிய பின் ஒன்று. பத்துப் பதினைந்து பூச்சில் அந்த 45 செ.மீ. காலி. குறுக்குத் தெருவுக்கு சிமென்ட் சாலை வந்தால் ஒரே அடியில் அரை அடி. அப்பா கட்டியபோது எங்கள் வாசலுக்கு மூன்று படி ஏற வேண்டும் என்பது குடும்ப ஆல்பத்தில் இருக்கிறது. மூன்றாவது படியில் உட்கார்ந்து அக்கா ரிப்பன் கட்டிச் சிரிக்கிறாள். இன்று தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் வீட்டுக்குள் வர வேண்டும். கேட்டடியில் தண்ணீர் வராமல் சிமென்டில் ஒரு மேடு. அந்த டி.பி.சி. எங்கேயும் போய்விடவில்லை, போட்ட இடத்திலேயே சமர்த்தாக இருக்கிறது. தெருதான் அதைத் தாண்டிப் போய்விட்டது.

பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு எழுத்து மூலம் அறிவுறுத்தினார். அதே ஆண்டு நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் போன்ற பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. பெரிய சாலைகளில் சுரண்டும் மெஷினைப் பார்க்கவும் செய்கிறேன். ஆனால் ஏற்கெனவே ஏறிவிட்ட இரண்டடியை எந்த மெஷினும் திருப்பித் தரப்போவதில்லை.

எல்லாப் பழியையும் மாநகராட்சியின் தலையில் கட்டிவிட்டு நாம் நழுவ முடியாது. தெரு ஏறியதும் நாமே என்ன செய்தோம்? சைடு சந்தில் தண்ணீர் நிற்கிறது என்று ரப்பிஷ் கொட்டி மேடாக்கினோம், அதன்மேல் சிமென்ட் போட்டு, பைக் நிறுத்த பார்க்கிங் டைல்ஸும் ஒட்டினோம். சுவரோடு சுவராக, ஒரு விரற்கடைகூட மண் தெரியாமல். முன்பு சுவருக்கு வெளியே மூன்றடி மண் இருந்தது, வெயில் பட்டால் காய்ந்தது. இப்போது சிமென்டுக்கடியில் போன தண்ணீருக்குத் திரும்பும் வழி சுவர் ஒன்றுதான்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் கதை மாறும். இந்தப் பகுதியின் ஊர்ப் பெயர்களிலேயே பாதி ஏரிக்கரை. சிட்லபாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம். ஓர் ஏரி நிரம்பி அடுத்ததற்குப் போய், கடைசியில் பள்ளிக்கரணையில் சேரும் சங்கிலி இது. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அதே சதுப்புநிலம்தான். மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் அடையாற்றின் பக்கம். 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தபோது ஆறு தன் பழைய முகவரியைத் தேடி வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் வந்தது. வெள்ளம் வடிந்ததும் எல்லாரும் தரையைக் கழுவினோம். சுவருக்குள் போன வெள்ளத்தை யார் கழுவினார்கள்? மண்ணுக்கடியில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடைக்கும் கறுத்த, கெட்டியான சார்னோக்கைட் பாறை. கொல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தக் கல்லைத்தான் கொண்டுபோய் வைத்தார்கள், பாறைக்கே அவர் பெயர் வந்துவிட்டது. கீழே அந்தப் பாறை, மேலே பல இடங்களில் ஏரிக் களிமண். பெய்த மழை சட்டென்று இறங்கிப் போகாது, கார்த்திகை முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

ஏரியை விடுங்கள், வீட்டுக்குள்ளேயே குற்றவாளிகள் உண்டு. வாசல் சம்ப் கசிகிறதா என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? ராத்திரி மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் வரும் வால்வை மூடி, உள்சுவரில் கரிக்கோலால் ஒரு கோடு போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருந்தால், இறங்கினது எங்கே போனதென்று சுவரைக் கேளுங்கள். மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் பைப் பல வீடுகளில் சுவரடியிலேயே முடிகிறது. இன்னொன்றைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். 2003-ல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது, அது நல்ல சட்டம், சந்தேகமில்லை, பலர் அந்தக் குழியைத் தோண்டியது சைடு சந்தில், கடகாலுக்கு ஒரு முழம் தள்ளி. மணல் நிலத்தில் பரவாயில்லை. களிமண் நிலத்தில் அது நேரே சுவருக்கு ஊட்டுகிற பால் புட்டி. குழியை வீட்டிலிருந்து தள்ளி, முடிந்தால் மனையின் கோடியில், போட வேண்டும். யாரும் பயன்படுத்தாத பாத்ரூமில் நானி ட்ராப் வறண்டு சாக்கடைக் காற்று மேலே வருவதையும் சிலர் ஓதம் என்று நினைத்துச் சுவரை உடைக்கிறார்கள். ஒரு மக் தண்ணீர் ஊற்றியிருந்தால் போதும்.

எது காரணம் என்று கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாளில் ஓரடிச் சதுரம் வெட்டி, ஓதம் தெரியும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டி விடுங்கள். அதேபோல் தரையிலும் ஒன்று. ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்துமுத்தாக வேர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் காற்றிலிருந்து வந்து படிகிறது. நான் மூன்று தாள் ஒட்டினேன். தெருப்பக்கச் சுவரில் உள்பக்கம் நனைந்திருந்தது. சைடு சந்துச் சுவரிலும் அப்படியே. படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் ஒட்டியது மட்டும் வெளியே வேர்த்திருந்தது. அது எனக்கும் அதிர்ச்சிதான், நான் எல்லாவற்றுக்கும் மண்ணைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சுவருக்கு மறுபக்கம் ஏ.சி. அறை. 30 டிகிரி சூட்டில் 80 சதவீத ஈரம் உள்ள காற்று கிட்டத்தட்ட 26 டிகிரியில் எதைத் தொட்டாலும் வேர்க்கும். ஏ.சி. 24-ல் ஓடினால் அந்தச் சுவர் ஐஸ் தண்ணீர் டம்ளர்தான். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வைத்தேன், ஏ.சி.யை 27-ல் வைத்தேன். அந்த அறையின் வாடை ஒரு மாதத்தில் பாதியானது.

ஜன்னல் வைத்தியம் பாதி தப்பு என்று சொன்னது இதனால்தான். தை, மாசி, பங்குனி வெயிலில் பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை திறந்து வையுங்கள், வீடு காயும். மழை நின்ற அடுத்த நிமிஷம், ‘காத்தாட இருக்கட்டும்’ என்று திறந்தால் குளிர்ந்த கீழ்வீட்டுத் தரைமேல் வெளிக்காற்றின் ஈரம் வந்து படியும். தரை வேர்க்கிறது என்று சொல்கிறோமே, அதற்குப் பாதிக் காரணம் அந்த நேரத்தில் நாமே திறந்த ஜன்னல்.

இத்தனை எளிதாகத் தெரியக்கூடியதை ஏன் பெயின்ட் கதையாகவே வைத்திருக்கிறோம்? யாருக்கு லாபம் என்று பார்த்தால் புரியும். ‘டு-லெட்’ போர்டு தொங்குவது ஏப்ரல், மே மாதங்களில், பள்ளிக்கூட அட்மிஷன் காலத்தில். சுவர் அப்போதுதான் காய்ந்திருக்கும். புதுப் பெயின்ட் வாசனை மூக்கை நிறைக்கும். ஓனர் அட்வான்ஸ் வாங்கிக்கொள்வார். ஐப்பசியில் குடித்தனக்காரர் போன் செய்தால், ‘மழைக்காலம்தானே, எல்லா வீட்லயும் இருக்கறதுதான்’ என்ற அதே வசனம் வரும். அந்த வசனம் தப்பாக இருப்பதில் ஓனருக்கு நஷ்டமில்லை, அடிக்கிறவருக்கும் நஷ்டமில்லை, டப்பா விற்கிறவருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு வியாபாரம்.

வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹரியானாவிலிருந்து வரும் குழுக்கள் கடகாலை அறுத்து, நூற்றுக்கணக்கில் ஜாக்கி கொடுத்து, மூன்று நாலடி உயர்த்திக் கட்டுவதை இந்தப் பக்கத்துத் தெருக்களில் பார்த்திருப்பீர்கள். அது பொய் வைத்தியம் இல்லை. தெரு மட்டத்துக்கு மேலே வந்துவிட்டால் பக்கவாட்டு ஈரம் நிற்கும், புதிதாகக் கட்டும் பகுதியில் ஒழுங்காக டி.பி.சி. போட்டால் ஓதமும் நிற்கும். அந்த ‘போட்டால்’ என்பதில்தான் பலருடைய காசு போகிறது. தூக்கியதோடு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். தவிர, நான் தூக்கினால் பக்கத்து வீட்டுக்காரர் பள்ளமாகிறார், என் தண்ணீரும் அவர் சுவரடிக்குப் போகிறது. அடுத்து அவர் தூக்குவார். தெரு முழுக்க இப்படி வீடுகள் கழுத்தை நீட்டிக்கொண்டே போவதற்கு என்ன முடிவு என்று எனக்குப் புரியவில்லை.

நான் செய்தது இது. சைடு சந்தில் சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு சிமென்டை உடைத்தேன். மேஸ்திரிக்கு மனசே வரவில்லை. ‘நல்ல டைல்ஸ் சார், எதுக்கு சார்?’ என்று இரண்டு முறை கேட்டார். தோண்டத் தொடங்கியதும் பழைய செங்கல் தெரிந்தது, கறுத்து, தொட்டால் ஈரம் கையில் ஒட்டியது. அதற்கும் கீழே, பூச்சு விட்டுப்போன இடத்தில், தார் தடவிய பட்டை. அப்பா போட்ட டி.பி.சி., சிமென்ட் தரைக்கு ஒரு சாண் கீழே. அந்த வெளிச்சுவரை உலரவிட்டு, சிமென்டோடு கலந்து பூசும் நீர்த்தடுப்பை வெளிப்பக்கம் பூசினோம். தடுப்பு என்றால் தண்ணீர் வருகிற பக்கம்தானே இருக்க வேண்டும்? பள்ளத்தில் துளையிட்ட பைப் வைத்து, முக்கால் இஞ்சு ஜல்லி கொட்டி, தெருப்பக்க மழைநீர் வடிகாலுக்குச் சரிவு கொடுத்தோம். மொட்டை மாடி பைப்பைச் சுவரடியிலிருந்து பின்பக்கத் தென்னைக்குத் திருப்பினோம். தெருப்பக்கம் தோண்ட முடியாது, தெரு என்னுடையதில்லை. அங்கே சுவரின் உள்ளே, தரைக்கு அரை அடி மேலே, நாலு அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு ஈரத்தை விலக்கும் சிலேன் மருந்தைச் செலுத்தினார்கள். செங்கல்லின் துளைகளுக்குள் போய்ப் புதிய தடுப்புப் பட்டையாக அது வேலை செய்யும் என்பது கணக்கு. அது முழுசாகப் பலிக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பழைய சுவர்களில் அதன் வெற்றி செய்கிறவரின் கைக்குத் தகுந்தபடி.

கடைசிப் படிதான் கஷ்டமானது. சும்மா இருப்பது. உப்பேறிய பூச்சை, உப்பு தெரியும் உயரத்துக்கு மேலே இன்னும் ஓரடி வரை, கொத்தி எடுத்துவிட்டோம். டைல்ஸும் போயிற்று. கூடத்தில் நாலைந்தடி உயரத்துக்கு வெறும் செங்கல். ஓர் அங்குலச் சுவர் காய ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம், பிள்ளைப்பேறு மாதிரி. இடையில் வாரம் ஒருமுறை காய்ந்த பிரஷ்ஷால் உப்பைத் தட்டி எடுத்து வெளியே கொட்ட வேண்டும், தண்ணீர் விட்டுத் துடைக்கவே கூடாது. அதன் பிறகுதான் சுண்ணாம்புப் பூச்சு, வெள்ளை.

தையில் கொத்தியது. தீபாவளிக்கு வந்த பெரிய மாமா கூடத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சுவரைப் பார்த்தார். ஊஞ்சலில் உட்கார்ந்து, காபியை வாங்கி, இரண்டு மிடறு குடித்த பிறகு கேட்டார்.

“என்னப்பா, பூச்சு வேலை பாதியில நிக்குது? பணமுடையா?”

“முடைதான் மாமா. கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருக்கு.”